மாத்தளை வாணத்துக்கு நாலு பேர்

2024 டிசம்பர் 31, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 2.35. தூறல். குடையை விரித்தால் வெட்கமாக இருக்கும், மடக்கினால் சட்டை நனையும், அப்படி ஒரு தூறல். மலையின் மேல் பாதியைப் பனி மூடியிருந்தது. மழை வலுத்தால் வாணம் விடுவார்களா என்று காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் கவலையும் இல்லை.

எங்கள் தோட்டத்திலிருந்து ரத்தோட்டைக்கு ஒன்பது கிலோமீற்றர். அங்கிருந்து மாத்தளைக்குப் பன்னிரண்டு. வருடம் பிறக்கும் நேரத்தில் சில நிமிடம் வானத்தை அண்ணாந்து பார்ப்பதற்காக இருபத்தொரு கிலோமீற்றர் இறங்கி, அதே இருபத்தொரு கிலோமீற்றரை இருட்டில் ஏறி வருவதென்று முடிவாகியிருந்தது. முடிவு என்னுடையதல்ல. பயணத்துக்கு நான் ஒதுக்கியது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபா.

போனவர்கள் நாலு பேர். எழுபத்து நாலு வயதான நான். மூத்த மகள் மகேஸ்வரி. இளையவள் சாந்தி. சாந்தியின் மகள் கனிஷ்கா, வயது ஐந்தே முக்கால். மகேஸ்வரியின் கணவர் வீட்டுக் காவலுக்கு நின்றுவிட்டார். பன்றி வந்து கிழங்குப் பாத்தியைக் கிளறும் காலம் இது.

இந்தப் பயணம் ஏன் என்று சொல்லிவிட வேண்டும். சாந்தி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பிள்ளைக்கு ஒரு வயதும் எட்டு மாதமும் ஆனபோது போனாள். பிள்ளையின் தகப்பன் அதற்கு முன்பே கொழும்புக்கு வேலைக்கென்று போனவன், பிறகு அவனுடைய தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. பிள்ளையை வளர்த்தவள் மகேஸ்வரி. அவளுக்குப் பிள்ளையில்லை. ஆகவே கனிஷ்கா மகேஸ்வரியை 'அம்மா' என்பாள். பெற்றவளைப் 'போனம்மா' என்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போனில் இருக்கிற அம்மா போனம்மா, அவ்வளவுதான்.

ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும் சாந்தி அங்கே மொட்டைமாடியில் நின்று வாணத்தைப் போனில் காட்டுவாள். "அடுத்த தரம் நேர்ல காட்டுறேன்" என்பாள். நாலு தரம் அப்படிச் சொல்லிவிட்டு, இந்த டிசம்பர் 9ஆம் தேதி விடுமுறையில் வந்தாள்.

வந்து என்ன? பிள்ளை கிட்டே போகவில்லை. சாந்தி சாதம் பிசைந்து வைத்தால், தட்டைத் தூக்கிக்கொண்டு மகேஸ்வரியிடம் போவாள். ஆனால் மாலை ஏழரை மணியானால் மகேஸ்வரியின் போனை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கம் போலப் போனம்மாவை அழைப்பாள். அடுப்படியில் இருக்கும் சாந்தியின் போன் அடிக்கும். இருவரும் ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, கால் மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். "போனம்மா, இன்னைக்கி எங்க வீட்டுக்கு ஒரு அக்கா வந்திருக்காங்க, ஒங்கள மாதிரியே இருக்காங்க" என்று பிள்ளை ஒருநாள் விளையாட்டாகச் சொன்னதை நானே கேட்டேன். பேசி முடிந்ததும் "சரி, கட் பண்றேன்" என்பாள். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, அடுப்படியைப் பார்க்காமலே மகேஸ்வரியின் மடியில் ஏறிக்கொள்வாள்.

சாந்தியின் விமானம் ஜனவரி 3. ஜனவரி கடைசியில் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகிறாள். அதுவரை இருக்கலாமா என்று சாந்தி கேட்டாள். அங்கே சம்மதம் வாங்கிவிட்டாளாம், டிக்கட் தேதியை மாற்றினால் போதுமாம். மாற்றுவதற்கு முப்பத்தாறாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா. காற்றில் விடுகிற காசு என்று நான் சொன்னேன். அத்துடன் பேச்சு முடிந்தது. வாணமாவது காட்ட வேண்டும் என்று நின்றாள். அதற்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிற்பகல் 2.50. முச்சக்கர வண்டி வந்தது. ஓட்டுபவர் நிஸாம், ரத்தோட்டைக்காரர். போகவர, இடையில் காத்திருப்பு உட்பட ஐயாயிரத்து ஐந்நூறு என்று பேச்சு. பின்னால் மூன்று பேர்தான் ஏறலாம் என்பது சட்டம் என்று அவருக்கு நினைவூட்டினேன்.

"சின்னப் புள்ளைய ஆளாக் கணக்கெடுக்க மாட்டாங்க ஐயா."

"யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். ஏறுங்க."

முப்பத்தாறு வருடம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதியவன் நான். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, இருக்கிறேன் என்று சொன்ன ஆளுக்கு நேரே கோடு போட்டால்தான் அன்றைய வேலை தொடங்கும். அந்தப் பழக்கத்தில், வண்டி நகருமுன் ஒருமுறை எண்ணினேன். நாலு.

"அப்பா பெரட்டு எடுத்துட்டாரு, இனி போகலாம்" என்றாள் மகேஸ்வரி.

வழி நெடுக வளைவு. முப்பதுக்கு மேல் எண்ணும்போது கனிஷ்கா குறுக்கே பேசியதால் கணக்குத் தவறியது. மூன்று இடங்களில் மண் சரிந்து பாதி வீதியில் கிடந்தது. நிஸாம் ஒரு கையால் ஓட்டினார். மற்றக் கையால் என்ன செய்தார் என்று நான் பார்க்க விரும்பவில்லை.

போகும் வழியில் பிள்ளைக்குப் பாடம் எடுத்தேன். தொலைந்துபோனால் என்ன சொல்ல வேண்டும்?

"பேரு?"

"கனிஷ்கா."

"தோட்டம்?"

சரியாகச் சொன்னாள்.

"அம்மா பேரு?"

"மகேஸ்வரி."

"சாந்தின்னு சொல்லணும் கண்ணு. பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"அது போனம்மா பேரு தாத்தா." எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தருவது போலச் சொன்னாள். சாந்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

என் போன் எண்ணை ஏழு தரம் சொல்லிக்கொடுத்தேன். ஏழு தரமும் நடுவில் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினாள்.

பிற்பகல் 3.30. ரத்தோட்டை. மூன்று பிளேன்டீ, பிள்ளைக்குப் பால் ஒன்று, வடை நாலு. ஐந்நூற்றைம்பது ரூபா. வடை ஆறிப்போயிருந்தது. பக்கத்துக் கடையில் சாந்தி போனுக்கு இருநூறு ரூபாவுக்கு டேட்டா போடச் சொன்னாள். காசு கொடுத்தவன் நான்.

"பேசுற ஆளெல்லாம் இந்த வண்டியிலதான் இருக்கோம். யாரோட பேசப் போற?"

"இருக்கட்டும்பா. வெறும் போனோட இருந்தா கையே இல்லாத மாதிரி இருக்கு."

மாலை 4.25. மாத்தளை. நகரத்துக்குள் நுழையுமுன்னே நெரிசல். கொத்துரொட்டிக் கடைகளின் தகரச் சத்தம், பலூன்காரர், கண்டியிலிருந்து வந்து இறங்குகிற பஸ்கள், கேக் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீதியைக் கடக்கிறவர்கள். சந்தைப் பக்கம் ஒரு வழி மூடப்பட்டிருந்தது. ஏன் மூடினார்கள் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பதில் கிடைத்தது. நிஸாம் வண்டியை, அறுத்த மரம் விற்கும் ஒரு பலகைக் காலையின் முன்னால் நிறுத்தி, "வெடி முடிஞ்ச ஒடனே இங்க வந்துருங்க. நான் இந்த எடத்தவிட்டு அசைய மாட்டேன்" என்றார். இறங்கியதும் எண்ணினேன். நாலு.

முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பூ, சூடம், அர்ச்சனைச் சீட்டு முந்நூற்றைம்பது. நாலு சோடிச் செருப்புக்குக் காவல் நாற்பது. யாருடைய பெயருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்டார். மகேஸ்வரி "கனிஷ்கா" என்றாள். சாந்தியும் அதே நேரத்தில் "கனிஷ்கா" என்றாள். ஐயர் ஒரு தரம்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் ராஜகோபுரத்தைக் காட்டி, யாராவது பிரிந்தால் இதன் அடியில் வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டேன். நகரத்தில் எங்கு நின்றாலும் தெரிகிற உயரம். நல்ல யோசனை என்று எனக்கே திருப்தியாக இருந்தது. அப்போது பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனும் தன் பிள்ளைகளிடம் கோபுரத்தைக் காட்டிக்கொண்டிருந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை.

மாலை 6.50. இரவுச் சாப்பாடு. இரண்டு முட்டைக் கொத்து, ஒரு தட்டு இடியப்பம், சொதி, சம்பல், சோடா: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது. விலைப்பலகையில் இருந்த விலையைக் காட்டிலும் கொத்துக்கு நூறு கூட. கேட்டேன்.

"அது நேத்து வெல ஐயா" என்றார் முதலாளி.

"பலகை இன்னும் நேற்றிலதானே நிக்குது?"

"நாளைக்கி புது வருசத்தோட மாத்துவோம்."

ஏழரை மணி ஆனது. கனிஷ்கா இடியப்பத்தை விட்டுவிட்டு மகேஸ்வரியின் கைப்பையைத் திறந்தாள். சாந்தி மேசைக்கு எதிர்ப்பக்கம், மூன்று அடி தூரத்தில் இருந்தாள். பிள்ளை போனை எடுத்து, எண்ணைத் தன் விரலாலேயே ஒவ்வொன்றாக அடித்தாள். பெயரைத் தொட்டால் போகும். அவளுக்கு எண்ணாக அடிக்கத்தான் பிடிக்கும். ஒன்று, இரண்டு படிக்கும் வயதில் அவளுக்கு இலக்கங்களை அந்தக் குவைத் எண்ணை வைத்துத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். 'ஒம்போது ஆறு அஞ்சு' என்று பாட்டுப் போலத் தொடங்குவாள். இங்கே வந்தும் சாந்தியின் வாட்ஸ்அப் அந்த எண்ணில்தான். மேசைக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது.

சாந்தி அதைப் பார்த்தபடி இருந்தாள், எடுக்கவில்லை.

"நான் இங்கதானே இருக்கேன் தங்கம். இங்க பாத்துப் பேசேன்."

பிள்ளை போனைக் காதில் வைத்தபடியே மகேஸ்வரியின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "எடுங்க போனம்மா" என்று தோளுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. சாந்தி எடுத்தாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று பிள்ளை கேட்டது. கொத்து என்று சாந்தி சொன்னாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் பில்லை மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

இரவு 8.15 முதல் 11 வரை. மைதானத்தில் காத்திருப்பு. அவித்த கடலை நூற்றைம்பது. உட்கார பிளாஸ்டிக் விரிப்பு இருநூறு. தலையில் மாட்டும் மினுக்குக் கொம்பு ஒன்று முந்நூற்றைம்பது, சிவப்பும் பச்சையுமாக அணைந்து அணைந்து எரியும். சாந்தி வாங்கிக் கொடுத்தாள், காசு என் பையிலிருந்து. பொதுக் கழிப்பறைக்கு ஆளுக்கு நாற்பது வீதம் நூற்றறுபது. பிள்ளைக்குமா என்று கேட்டேன். கதவுக்குத்தான் காசு என்றார் அங்கே இருந்தவர். தூறல் இரண்டு தரம் வந்து இரண்டு தரமும் நின்றது. மேடையில் பாட்டுப் போட்டியோ, போட்டியைப் பற்றிய பேச்சோ, ஏதோ ஒன்று விடாமல் நடந்தது. நான் ஏழு தரம் எண்ணினேன். ஏழு தரமும் நாலு.

இரவு 11.15. வாணம் விடும் பக்கத்தை மேடை மறைக்கிறது, வெளியே போய் வீதி ஓரம் நின்றால் நன்றாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் அப்படியே எழுந்தது. விரிப்பை மடிப்பதற்குள் நாங்கள் நகர்ந்துவிட்டோம். நாங்களாக நடக்கவில்லை, தள்ளப்பட்டோம். முன்னால் மகேஸ்வரி, அவளுக்குப் பின்னால் பிள்ளையின் கையைப் பிடித்தபடி சாந்தி, கடைசியில் நான். வாயிலருகில் நெரிசல் கூடியபோது கனிஷ்கா கையை இழுத்தாள்.

"விடுங்க, நான் அம்மாகிட்ட போறேன்."

சாந்தி விட்டாள். விடாமல் எப்படி இருப்பாள்? இருபத்து மூன்று நாளாக அந்தப் பிள்ளை அவளிடமிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். மகேஸ்வரி இரண்டு கை தூரத்தில் முன்னால் இருந்தாள். அவளோ, பிள்ளை சாந்தியிடம் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் திரும்பியும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் எண்ணினேன். மூன்று. பிழையென்று திரும்ப எண்ணினேன். மூன்று.

"புள்ள எங்க?" என்றாள் மகேஸ்வரி.

"ஒங்கிட்டதானேக்கா வந்துச்சு."

"எங்கிட்டயா? ஒங் கையிலதானே இருந்துச்சு!"

"அம்மாகிட்ட போறேன்னுச்சு. விட்டேன்."

மகேஸ்வரி திரும்பி வாயிலை நோக்கி ஓடினாள்.

வாயிலுக்குள் திரும்ப முடியவில்லை. ஆட்கள் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். மினுக்குக் கொம்பைத் தேடினேன். சிவப்பும் பச்சையுமாக அந்த வீதியில் குறைந்தது நூறு கொம்புகள் அணைந்து அணைந்து எரிந்தன. கோபுரத்துக்கு ஓடினோம். நான் ஓடினேன் என்று எழுதினால் பொய், நடந்தேன். கோபுரத்தின் அடியில் இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். எல்லோரும் யாரையோ தேடினார்கள். நகரத்துக்கு வந்த ஒவ்வொரு குடும்பமும் என் நல்ல யோசனையைத் தானாகவே யோசித்திருந்தது. அந்தக் கூட்டத்தில் கனிஷ்கா இல்லை.

இரவு 11.35. ஒலிபெருக்கிக் கூடாரம். மைக்குக்குப் பக்கத்தில் தொண்டர் தம்பி ஒருவர்.

"புள்ளட பேரு?"

சொன்னேன்.

"உடுப்பு?"

"ரோஸ் கவுன். தலையில கொம்பு."

"எல்லாருக்கும் கொம்புதான் ஐயா. அம்மாட பேரு சொல்லுங்க, அம்மா இங்க நிக்கிறாங்கன்னு அறிவிப்போம்."

என் இரண்டு மகள்களும் இரு பக்கத்தில் நின்றார்கள். மகேஸ்வரி என்றால் பெற்றவள் பக்கத்தில் நிற்கிறாள். சாந்தி என்றால், கேட்டும் பிள்ளை வராமல் போனால் என்ன செய்வது?

"ரெண்டு பேரையும் சொல்லுங்க தம்பி. மகேஸ்வரி, சாந்தி."

"ரெண்டு அம்மாவா?"

"ரெண்டையும் சொல்லுங்க!" நான் கத்திவிட்டேன். மைக்கில் என் சத்தமும் சேர்ந்து போயிருக்க வேண்டும், ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அறிவித்தார்கள். தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம். மேடைப் பாட்டில் அது கரைந்துபோனது. எனக்கே பாதிதான் கேட்டது.

இரவு 11.48. சாந்தியின் கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத எண், வீடியோ அழைப்பு. அவள் பதறிப்போய் அதை வெட்டப் பார்த்தாள். மகேஸ்வரி அவள் கையைப் பிடித்து, "எடுடி" என்றாள்.

திரையில் முதலில் ஒரு கொம்பு தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு முகம்.

"போனம்மா," என்றாள் கனிஷ்கா, ஒவ்வொரு நாளும் ஏழரைக்குப் பேசும் அதே குரலில், "எல்லாரும் தொலஞ்சு போயிட்டாங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

சாந்தி திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "இங்கதான்" என்றாள். இன்னும் ஒருமுறை "இங்கதான் தங்கம், மாத்தளையிலதான்" என்றாள். குவைத்திலிருந்து பேசுவதாகப் பிள்ளை நினைத்துவிடும் என்று பயந்தவள் போல.

திரையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணியின் முகம் வந்தது. "பயப்படாதீங்க மகள். நாங்க பாமசிக்கு முன்னுக்கு ஈக்கிறோம். பச்ச போர்ட்டு, தெரியுதா? நீங்க வரும் வரைக்கும் நான் எடத்த விட்டு அசைய மாட்டேன். மெதுவா வாங்க."

பச்சைப் பலகை போட்ட அந்த மருந்துக்கடையை நான் மாலையில் பார்த்திருந்தேன். கோயிலிலிருந்து சந்தைப் பக்கம் முந்நூறு மீற்றர். சாதாரண நாளில் நாலு நிமிடம்.

சாந்தி போனை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். அவள் முந்தானையை மகேஸ்வரி பிடித்திருந்தாள். மகேஸ்வரியின் கையை நான் பிடித்திருந்தேன். எதிரே வந்தவர்கள் எங்களைத் திட்டினார்கள்.

"போனம்மா, படம் ஆடுது. நீங்க நடக்கிறீங்களா?"

"ஓடுறேன் தங்கம்."

"விழுந்துருவீங்க. மெதுவா வாங்க."

அப்போது வாணம் வெடித்தது. வருடம் பிறந்துவிட்டது. எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று மேலே பார்த்ததால் எங்களுக்கு வழி கிடைத்தது. வெடிச் சத்தம் முதலில் வானத்தில் கேட்டது. அரைக் கணம் கழித்து அதே சத்தம் சாந்தியின் போனிலும் கேட்டது. எல்லாம் இரண்டு தரம். இருபத்து மூன்று வெடிவரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை. வாணத்தின் நிறம் என்ன, பூவாய் விரிந்ததா, மழையாய்க் கொட்டியதா என்று வாசிக்கிறவர்கள் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாமசியின் படியில் அந்தப் பெண்மணியும் அவருடைய வீட்டாரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கனிஷ்கா, வாயில் தொதல் இனிப்பு, இரண்டு கையிலும் போன். சாந்தி அவளுக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனிலும் சாந்தி மூச்சிரைத்தாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். நேரிலும் சாந்தி மூச்சிரைத்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"சரி," என்றாள், "இப்ப கட் பண்ணலாம்."

சிவப்புப் பொத்தானைத் தானே அழுத்தினாள். போனை அந்தப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு, எழுந்து, சாந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மினுக்குக் கொம்பு சாந்தியின் கன்னத்தில் குத்திக்கொண்டு எரிந்தது. மகேஸ்வரி பக்கத்தில் நின்றாள். கையை நீட்டவில்லை. முந்தானையால் தன் முகத்தைத் துடைத்தாள், பிறகு பிள்ளையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த தொதலைத் துடைத்தாள்.

"அழவே இல்ல இந்தப் புள்ள," என்றார் பெண்மணி. "வந்து நிண்டு, 'ஆன்ட்டி, ஒங்க போன்ல வாட்ஸ்அப் இருக்கா'ன்னு கேக்குது. ஈக்கின்னு சொன்னேன். 'டேட்டா இருக்கா'ங்குது! நம்பர சொல்லச் சொன்னா, ஒம்போது ஆறு அஞ்சுங்குது. நான் புள்ளைக்கி நம்பர் தெரியாதுன்னு நெனச்சிட்டேன். மகன்தான் 'உம்மா, அது வெளிநாட்டு நம்பர்'ன்னான்."

நூறு ரூபாத் தாளை நீட்டினேன், அவருடைய டேட்டாவுக்கு. அவர் என்னைப் பார்த்த பார்வையில் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வாணம் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் இருந்தது. சாந்தி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "போன்ல பாத்தது சின்னதா இருந்துச்சு" என்றாள் பிள்ளை. அத்துடன் முடிந்தது. புகை கோயில் பக்கமாகப் போனது. எண்ணினேன். நாலு.

ஜனவரி 1, புதன்கிழமை, அதிகாலை 12.50. பலகைக் காலையின் முன்னால் நிஸாம் இருந்தார், தூக்கத்தில். நடந்ததைச் சொன்னோம். தாமதம், நெரிசல், புது வருடம் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபா கூடக் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. "ஐயாவுக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லியா?" என்று அவர் மகேஸ்வரியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு.

ஏறும் வழியில் பனி. முன்விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. கனிஷ்கா சாந்தியின் மடியில் தூங்கினாள், கால் இரண்டும் மகேஸ்வரியின் மடியில். ரத்தோட்டை தாண்டிய பிறகு, இருட்டில் மகேஸ்வரியின் குரல் வந்தது.

"அப்பா, அந்த டிக்கட் தேதி மாத்துறதுக்கு எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"முப்பத்தாறாயிரத்து எழுநூற்றைம்பது."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. 2.25க்கு வீட்டு வாசலில் இறங்கினோம். தோட்டத்தில் வெடிச் சத்தம் ஒன்றும் இல்லை. தவளை கத்தியது, கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறியிருந்தது, மருமகன் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஏழரை மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மகேஸ்வரியின் போன் மேசை மேல் கிடந்தது. ஏழு முப்பத்தைந்து ஆனது. நாற்பது ஆனது. கனிஷ்கா அடுப்படிக்குப் போய், சாந்தி தேங்காய் துருவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"போனம்மா," என்றாள் முகத்தைப் பார்த்து, "எனக்குக் கொஞ்சம் துருவல் தாங்க."

பெயர் மாறவில்லை. நான் அதைத் திருத்தவும் இல்லை.

ஜனவரி 2, வியாழக்கிழமை, காலை 6.40. நல்ல வெயில். சாந்தியைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் மாத்தளைக்குப் பஸ்ஸில் போனேன். இருவருக்கும் போகவர ஐந்நூற்றிருபது ரூபா. நகரம் கூட்டமில்லாமல், குப்பையோடு கிடந்தது. கொத்துக் கடையின் விலைப்பலகை இன்னும் மாறவில்லை. டிக்கட் ஆபீஸ் கதவு திறப்பதற்கு இருபது நிமிடம் முன்பே போய் நின்றோம். பிள்ளை பள்ளிக்கூடம் போய் ஒரு வாரம் கழிந்த பிறகு ஒரு தேதிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அபராதத்தைச் சாந்தி கட்டப் போனாள். அவளுக்கு முன்னால் நான் காசை நீட்டினேன்.

வண்டி, தேத்தண்ணி, டேட்டா, அர்ச்சனை, செருப்பு, கொத்து, கடலை, விரிப்பு, கொம்பு, கழிப்பறை, பஸ், தேதி மாற்றம் எல்லாம் சேர்த்து, மாத்தளையில் வாணம் பார்க்கப் போனதில் எனக்கு முடிவாகச் செலவானது நாற்பத்தேழாயிரத்து எழுநூற்றைம்பது ரூபா.